தாகத்தால் வாடிய வள்ளம்



புனித அருளானந்தர் 1693 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4 ஆம் நாள் தம் குருதியைச் சிந்திய ஓரியூருக்கு, ஆண்டுதோறும் நம் பங்குகளிலிருந்து மக்கள் பேருந்து பேருந்தாகச் சென்று வருகின்றனர். செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர், திருப்பலி காண்கின்றனர், பொழுது சாயுமுன் மதுரைக்குத் திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் கடல் என்பது பலருக்கு நினைவில் வருவதே இல்லை. கொச்சியில் தொடங்கும் நெடுஞ்சாலை நம் மதுரையைக் கடந்து, சிவகங்கை, காளையார்கோயில், திருவாடானை வழியாகச் சென்று தொண்டியின் கடற்கரையில்தான் முடிகிறது. 1987 இல் சிவகங்கை மறைமாவட்டம் தோன்றும் வரை அக்கரையோரப் பங்குகளும் நம் மதுரை உயர்மறைமாவட்டத்தோடு சேர்ந்தவையே. ஆதலால், கண்மாயையும் வயலையும் மட்டுமே பார்த்து வாழும் நமக்கும் கடலில் ஓடும் வள்ளத்துக்கும் உறவு இல்லை என்று சொல்வதற்கில்லை.

அந்த உறவை நமக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியையும், அதன் வழியே ஒரு சிறு பாய்மர வள்ளத்தை எப்படிக் காப்பது என்று நாம் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே கூற விழைகிறோம்.

நினைவுச் சின்னம்

நம் பங்கில் வாழும் குடும்பத் தலைவர் ஒருவர், தொண்டிப் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். படித்து, மதுரையில் அலுவல் பார்த்து, ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி தந்தையின் தொழிலைத் தொடர்ந்து கடலுக்குப் போகிறவர். தந்தை இறந்தபோது அவர் விட்டுச் சென்ற சொத்துகளில் ஒன்று, இருபது அடி நீளமுள்ள பாய்மர வள்ளம். “தம்பி கையில் இருந்தால் இது கடலில் அடிபட்டு அழிந்துபோகும், அப்பாவின் நினைவாக இதை நான் காப்பாற்றப் போகிறேன்” என்றார் அண்ணன். தம்பி மறுத்துப் பேசவில்லை. மூத்தவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசும் வழக்கம் அக்குடும்பத்தில் இல்லை.

மாசி மாதத்தில் வள்ளம் லாரியில் ஏறி மதுரைக்கு வந்தது. மேலூர்ச் சாலையில் அண்ணனுக்கு இருந்த மனையில் தகரக் கொட்டகை போட்டு, அதில் வள்ளத்தை நிறுத்தினார்கள். நாமே சென்று கொட்டகையை மந்திரித்து வந்தோம். அன்று அவர் கண்களில் நீர் தளும்பியதை இன்றும் மறவோம். அவர் செய்தது முழுக்க முழுக்க அன்பினால் செய்தது, அதில் ஐயமில்லை.

ஆனால், மதுரையின் சித்திரை வெயில் எவர் அன்பையும் பார்ப்பதில்லை. வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டும் நாட்களில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் மரத்தின் கதி என்ன? ஆடி மாதத்தில் அவர் நம்மை அழைத்துச் சென்று காட்டினார். வள்ளத்தின் உள்ளே குனிந்து பார்த்தால் பலகைகளின் இடுக்கு வழியாக வெளிப்பகல் கோடு கோடாகத் தெரிந்தது. அதே வாரத்தில் ஒரு விசேஷத்துக்காக வந்த தம்பியும் அதைப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. அண்ணன் வீட்டில் தண்ணீர்கூட அருந்தாமல் ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டார். அதன்பின் பேரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் அவர் வரவில்லை.

வெடித்தது பலகை மட்டுமன்று என்பது அப்போதுதான் அண்ணனுக்கும் நமக்கும் விளங்கிற்று.

மரத்தின் இயல்பு

மர வள்ளம் பல பலகைகளை ஒன்றன் அருகே ஒன்றாக வைத்து, உள்ளே விலா எலும்புகளைப் போன்ற வங்குகளில் ஆணியால் இறுக்கிச் செய்யப்படுவது. பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சையோ நாரையோ திணித்து, குங்கிலியத்தைத் தூளாக்கி எண்ணெயில் காய்ச்சிய குழம்பைப் பூசுவார்கள். இதைக் கலப்பற்று என்பது படகுத் தொழிலின் வழக்கு. ஆனால், நீர் உட்புகாமல் தடுப்பது கலப்பற்று மட்டுமன்று. கடலில் மிதக்கும்போது பலகை நீரை உறிஞ்சிச் சற்றே பருக்கிறது. பருத்த பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி இடுக்கை அடைத்துக்கொள்கின்றன. எந்த நீரைத் தடுக்க வேண்டுமோ அந்த நீரே வள்ளத்துக்குக் காவலும் ஆகிறது. மாதக் கணக்கில் காய்ந்தால் பலகை சுருங்கும், இடுக்கு திறக்கும், கலப்பற்று உதிரும்.

கட்டுமரத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. மலைவேம்பு, கலியாண முருங்கை போன்ற இலேசான மரத்தின் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது அது. 1697 இல் வெளிவந்த தம் பயண நூலில் ஆங்கிலேய மாலுமி வில்லியம் தாம்பியர் இதைக் குறிப்பிட்டார். நம் தமிழ்ச் சொல்லே இன்று உலகெங்கும் ‘காட்டமரான்’ என வழங்குகிறது. கட்டுமரத்தில் ஓட்டை அடைக்கும் வேலையே இல்லை. ஆனால், கட்டைகள் நீரை உறிஞ்சிக் கனத்துவிட்டால் அது மிதக்காது. அதனால், கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர்த்துவார்கள். ஒன்றுக்குக் காய்ச்சல் மருந்து; மற்றொன்றுக்கு அதுவே நஞ்சு. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளையும் ஒரே விதமாக வளர்க்க முடியாது என்பதைப் பெற்றோர் அறிவார்கள் அல்லவா? கலங்களைப் பேணுவதும் அப்படித்தான்.

கரையில் இருக்கும் பகைவர்கள்

தச்சர் ஒருவர் அண்ணனுக்கு ஓர் யோசனை சொன்னார்: “வெடிப்பை எல்லாம் இறுக்கி அடைத்து, மேலே ஃபைபர் ஒட்டிவிடலாம்.” அண்ணனும் ஒப்புக்கொள்ள இருந்தார். கடலறிந்தவர் ஒருவரைக் கேட்ட பின்பே எதையும் செய்யுங்கள் என்று நாம் தடுத்தோம். கரையோரப் பங்குத் தந்தையின் உதவியால் முதிய ஓடாவி ஒருவர் மதுரைக்கு வந்தார். ஓடாவி என்பவர் படகு கட்டும் தச்சர்.

அவர் வள்ளத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பலகையையும் சிறு சுத்தியால் தட்டினார். நல்ல மரம் கணீரென்று ஒலித்தது. இரண்டே இடத்தில் ‘மொத்’தென்ற சத்தம் கேட்டது. அங்கே ஒரு குத்தூசியை அழுத்தினார். மாவில் இறங்குவதுபோல் இறங்கிற்று. அண்ணாந்து பார்த்தார்; நேர் மேலே தகரத்தில் ஓர் ஓட்டை.

“சாமி, இந்த ரெண்டு பலகையும் மழைத் தண்ணியாலே போச்சு. மத்ததெல்லாம் தாகத்தாலே வாடிக் கிடக்கு. கடல் இதை ஒண்ணும் பண்ணலே” என்றார் பெரியவர்.

கடல்நீரை விட மழைநீர் மரத்தைக் கெடுக்கும் என்பது நமக்குப் புதிய செய்தி. விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. மரத்தை அழுகச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. உப்பு அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. நன்னீரோ அதற்கு உணவிட்டு வளர்க்கிறது. வள்ளத்தின் அடியில் தேங்கும் ஒரு சிரங்கை மழைநீர், மாதங்கள் கடந்தால் ஒரு பலகையைத் தின்றுவிடும். எனவே, கரையில் நிறுத்தும் வள்ளத்தை அணியம் எனப்படும் முன்பக்கம் சற்றே உயர்ந்திருக்க வைத்து, அமரம் எனப்படும் பின்பக்கத்தின் அடியிலுள்ள துளை அடைப்பைக் கழற்றிவிட வேண்டும். விழும் நீர் தானே வடிந்துவிடும். மேலே கீற்றோ துணியோ போர்த்தினால், அது மரத்தோடு ஒட்டாமல் இருபுறமும் காற்றுப் புகும்படி இருக்க வேண்டும். காற்றில்லாத போர்வை வள்ளத்துக்குப் புழுக்கம்.

கடலில் ஒரு பகை உண்டு. அது உளு. கப்பற்புழு என்று சொன்னாலும் அது புழுவன்று. சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். ஊசி முனையளவு துளையிட்டு உட்புகுந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைக் குடைந்துவிடும். வெளியே பார்த்தால் பலகை முழுமையாகவே தோன்றும். கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தில் உளுத்துப்போன கப்பல்களை மேலும் செலுத்த இயலாமல், 1503 இல் ஜமைக்காத் தீவின் கரையில் அவற்றை ஏற்றிவிட்டு ஓராண்டு தவித்தார். இதற்குக் காப்பு என்ன? வள்ளத்தை அவ்வப்போது கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியையும் கொட்டலசையும் சுரண்டி, சில நாள் காற்றாட வைத்து, எண்ணெயோ வண்ணமோ பூசி இறக்குவது. பூச்சு உரிந்த இடமே உளுவுக்கு வாசல். மீன் எண்ணெய் பூசும் வழக்கம் மிகப் பழையது. பாரசீக வளைகுடாவில் கயிற்றால் தைத்த கப்பல்களுக்கு மீன் எண்ணெய் பூசுவதை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு பகை துரு. உப்புக் காற்று இரும்பை விடாது. 1914 இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புக்கு ஓயாமல் வண்ணம் பூசியும், முதுமையினால் 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அத்தனை பெரிய இரும்புக்கே அந்தக் கதி என்றால், வள்ளத்தின் ஆணி எம்மாத்திரம்! இரும்பாணி துருப்பிடித்தால் அதைச் சுற்றிய மரமும் கறுத்து இளகிவிடும். செப்பாணியும், துத்தநாகப் பூச்சுள்ள ஆணியும் விலை கூடினாலும் நெடுநாள் நிற்பவை.

ஓடாவியின் மருத்துவம்

“வெடிப்பை இப்போதே அடைத்துவிடலாமா?” என்று அண்ணன் கேட்டார். பெரியவர் தலையசைத்தார். காய்ந்து சுருங்கிய நிலையில் இடுக்கில் பஞ்சை இறுக்கித் திணித்தால், பின்னர் நீரில் பலகை பருக்கும்போது இடம் இல்லாமல் ஆணியைப் பிடுங்கும், வங்கையே முறிக்கும். ஃபைபர் ஒட்டுவதும் ஆகாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி மரம் உள்ளுக்குள்ளேயே அழுகும். காயத்தைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பானது அது.

முதலில் தாகம் தீர வேண்டும். தகரக் கூரைமேல் தென்னங்கீற்று வேயப்பட்டது. வள்ளத்தின் உள்ளும் புறமும் சணல் சாக்குகளைப் பரப்பி, உப்புக் கரைத்த நீரைக் காலையும் மாலையும் தெளித்தார்கள். அண்ணனே வாளியைத் தூக்கினார். பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, விரல் நுழைந்த இடுக்கில் நகம்தான் நுழைந்தது.

“மீதி வேலை கடற்கரையிலேதான்” என்றார் ஓடாவி. அண்ணன் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, தம்பிக்குத் தாமே தொலைபேசியில், “தம்பி, வள்ளத்தைக் கொண்டு வாறேன்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வண்டியில் ஏறிய வள்ளம்

வந்தபோது லாரியின் வெறும் பலகைமேல் ஒருக்களித்துக் கிடந்து வந்த வள்ளம், திரும்பும்போது தாழ்வான டிரெய்லர் வண்டியில் முறையாக ஏறியது. வள்ளத்தின் எடை முழுவதையும் தாங்க வல்லது ஏரா எனப்படும் அடிமரமே. ஆகவே, ஏராவின் நெடுகிலும் கட்டைகளை வைத்து, அதன்மேல் அமர்த்தினார்கள். விலாப்புறத்துக்கு வைக்கோல் திணித்த சாக்குகள் அணையாக மட்டுமே வைக்கப்பட்டன. கட்டும் பட்டைகள் வங்குகள் இருக்கும் இடத்தில் போடப்பட்டன. வங்கில்லாத பலகைமேல் இறுக்கினால் பலகை வளையும். பாய்மரத்தையும், பாய் கட்டும் பருமலையும், சுக்கானையும் கழற்றித் தனியே துணி சுற்றிக் கட்டினார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே பயணம். உள்ளே ஈரச் சாக்கு அப்படியே இருந்தது.

இக்காலத்தில் விளையாட்டுக்காகப் பாய்ப்படகு ஓட்டுவோர் படகை எப்போதும் வண்டியிலேயே கொண்டு செல்கின்றனர். 1911 இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் அத்தகைய சிறு படகுகளைக் காணலாம். சிறுவர்கள் பழகும் ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் படகு 1947 இல் அமெரிக்காவில் வரையப்பட்டது. எடை 35 கிலோகிராம்தான். ஃபைபர் படகு உளுக்காது, காய்ந்து பிளக்காது என்றாலும் கவனிப்பு வேண்டாம் என்பதில்லை. வெயில் அதன் மேற்பூச்சைச் சுண்ணாம்பாக்கும். கீறல் வழியே நீர் புகுந்து உள்ளடுக்கைப் பிரிக்கும். கீறலைக் கண்டதும் நன்கு உலர்த்தி அடைக்க வேண்டும். வண்டியையும் மறக்கலாகாது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தை உடனே கடல்நீரில் இறக்கினால், அது குளிரும் வேகத்தில் உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பேரிங் பழுதாகும். ஆறவிட்டு இறக்குவதும், பிறகு நன்னீரால் கழுவி கிரீஸ் இடுவதும் முறை. நம் முன்னோர் கட்டை வண்டியின் அச்சுக்கு மசகு போட்டதும் இதே அறிவுதான்.

பாயும் கயிறும்

பருத்திப் பாய் வழங்கிய காலத்தில் அதை ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும். பனிச்சங்காய்ச் சாற்றிலும் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் வலையையும் பாயையும் தோய்த்தது அதற்காகவே. அதிலுள்ள துவர்ப்பு நூலைக் காத்தது. இன்றைய செயற்கை இழைப் பாய் ஈரத்துக்கு அஞ்சாது. ஆனால் வெயிலுக்கு அஞ்சும். வேலை முடிந்ததும் உப்பைக் கழுவி, உலர்த்தி, நிழலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் மடித்தால் மடிப்பிலேயே கிழியும். கயிற்றை உருளையில் உராயும் இடத்தில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இற்ற கயிறு கரையில் அறுந்தால் நட்டம் சில ரூபாய், கடலில் அறுந்தால் நட்டம் ஒரு குடும்பம்.

ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு முன் பாய்மரத்தைக் கழற்றி, வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றிக் கட்டுவது கட்டாயம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரணியம் அருகே கரை கடந்த கஜா புயல் அக்கரையோரத்தில் எத்தனை கலங்களை நொறுக்கிற்று என்பதைக் கண்டவர் மறக்க மாட்டார்கள்.

கலிலேயாக் கடலின் படகு

இங்கே நற்செய்தி நிலத்திலிருந்து ஓர் உண்மைச் செய்தி. 1986 இல் மழை குறைந்து கலிலேயாக் கடலின் நீர் வற்றியிருந்தது. கினோசார் என்னும் ஊரைச் சேர்ந்த மீனவச் சகோதரர் இருவர், கரைச் சேற்றில் ஒரு பழைய படகின் விளிம்பைக் கண்டனர். ஆய்ந்தபோது அது ஏறத்தாழ நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்தைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல். அது ஆண்டவர் ஏறிய படகு என்று எவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் முறையன்று. ஆனால் இராயப்பரும் அவர் தோழரும் எத்தகைய படகில் உழைத்திருப்பர் என்பதை அது காட்டுகிறது.

நம்மை வியக்க வைப்பவை இரண்டு. ஒன்று, அப்படகில் பத்துக்கு மேற்பட்ட வகை மரங்கள் இருந்தன. கிடைத்த துண்டை வைத்து, மீண்டும் மீண்டும் ஒட்டுப் போட்டு, ஏழை மீனவர் அதை நெடுநாள் ஓட்டியிருக்கின்றனர். மற்றொன்று, சேற்றில் நனைந்தே இருந்ததால்தான் இரண்டாயிரம் ஆண்டு அது அழியாமல் இருந்தது. வெளியே எடுத்ததும் உலர்ந்தால் பொடியாகிவிடும் என்று அஞ்சி, தோண்டிய நாட்களில் இடைவிடாது நீர் தெளித்தனர். பின்னர் மெழுகு போன்ற மருந்துக் கரைசலில் பல ஆண்டுகள் ஊறவைத்தே அதைக் காட்சிக்கு வைக்க முடிந்தது. மேலூர்ச் சாலைக் கொட்டகையில் ஓடாவி சாக்கை நனைத்தபோது நமக்கு இதுவே நினைவுக்கு வந்தது.

கடலில் மீண்டும்

கடற்கரையில் இரு பலகைகள் மாற்றப்பட்டன. கலப்பற்று மெல்ல அடிக்கப்பட்டது. பிறகு வள்ளத்தை ஆழமில்லாத நீரில் இறக்கி, உள்ளே நீர் நிரம்பும்படி மூன்று நாள் விட்டுவைத்தார்கள். நான்காம் நாள் காலை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வாளியுடன் நீரை இறைத்தனர். வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். அடியில் நீர் ஊறவில்லை.

தம்பி பாயை ஏற்றினார். “அண்ணே, நீங்க சுக்கான் பிடிங்க” என்றார். “எனக்கு மறந்துபோச்சுடா” என்றார் அண்ணன். “மறக்காது, ஏறுங்க.” அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நாம் கரையிலேயே நின்றுகொண்டோம். நமக்கு அங்கே வேலை இல்லை.

அதன்பின் ஆண்டுக்கு இருமுறை, வள்ளத்தைக் கரையேற்றிச் சுரண்டி எண்ணெய் பூசும் நாட்களில், அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குச் செல்கிறார். பேரனும் குத்தூசி பிடிக்கப் பழகிவிட்டான்.

அன்பர்களே, பெற்றோர் விட்டுச் சென்றவை நம் வீடுகளிலும் பல உண்டு. நிலம், வீடு, தொழில், ஒரு பழைய செபமாலை, எல்லாவற்றுக்கும் மேலாக உடன்பிறந்தார் என்னும் உறவு. பூட்டி வைப்பதே காப்பது என்று நாம் எண்ணிவிடுகிறோம். வள்ளம் நீரில் ஓட வேண்டும்; ஓடிய பின் கரையேறிப் பார்க்கப்பட வேண்டும். உறவும் அப்படியே. உங்கள் இல்லத்தில் பேச்சின்றி உலர்ந்துபோன உறவு ஏதேனும் இருப்பின், இடுக்கை அவசரப்பட்டு அடைக்க முயலாதீர்கள். முதலில் சிறிது நீர் தெளியுங்கள். காலையும் மாலையும் தெளியுங்கள். பலகை தானே நெருங்கி வரும்.